மிளகுக் கிடங்கில் ஓர் ஆங்கிலச் சொல்

2017 மே மாதத்தில் சசி தரூர் தமது ட்விட்டர் பதிவொன்றில் 'ஃபராகோ' என்ற சொல்லை ஆண்டபோது பலரும் அகராதியைப் புரட்டினர். இலத்தீனில் அது கால்நடைக்கு இடும் கலப்புத் தீவனம். ஆங்கிலத்தில் தாறுமாறான கலவை. இத்தகைய அரிய சொற்கள் அகராதியில்தான் உறங்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். மட்டாஞ்சேரி அவ்வெண்ணத்தைத் திருத்தியது.

இங்கு மிளகுக்கு இரண்டு விலைகள் சொல்லப்படும்: 'கார்பிள்டு' மிளகுக்கு ஒன்று, 'அன்கார்பிள்டு' மிளகுக்கு மற்றொன்று. இன்றைய ஆங்கிலத்தில் 'கார்பிள்' என்பது செய்தியைச் சிதைத்துக் குழப்புவது. அவ்வாறாயின் குழப்பிய மிளகுக்குக் கூடுதல் விலை தருவானேன்?

விடை சல்லடையில் உள்ளது. அரபியில் 'கர்பால்' என்பது சல்லடை. அச்சொல்லே இலத்தீனிலிருந்து வந்தது என்பர். நடுநிலக்கடல் வணிகத்தின் வழியே இத்தாலியத்தில் 'கர்பெல்லாரே' என வழங்கி, ஆங்கிலத்தை அடைந்தது. அக்கால இலண்டனில் நறுமணப் பொருள்களில் தூசும் தண்டும் கலந்து விற்பதைத் தடுக்க, அவற்றைச் சலித்துச் சோதிக்கும் 'கார்ப்ளர்' என்ற அதிகாரி இருந்தார். 1755இல் வெளிவந்த ஜான்சனின் அகராதியிலும் சலித்தல், நல்லதைத் தீயதினின்று பிரித்தல் என்பதே இதன் பொருள்.

பிறர் எழுத்திலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்தோரால் சொல்லின் பொருள் திரிந்தது. பொறுக்குதல் திரித்தலாயிற்று, திரித்தல் குழப்பமாயிற்று. தூய்மையாக்குவதைக் குறித்த சொல் அதன் நேரெதிரைக் குறிக்கலாயிற்று. (தமிழில் மாவையும் சலிக்கிறோம், மனமும் சலிக்கிறது, இரண்டும் ஒரே வேரினவா என்பது தனி வழக்கு.)

பழம்பொருளைச் சில அகராதிகள் 'அருகிய வழக்கு' என்று ஒதுக்குகின்றன. யாரிடத்தில் அருகியது என்பதே என் வினா. 1957இல் தோன்றிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் யூதத் தெருவில் இருக்கிறது. அதன் விலை அறிவிப்புகளில் இச்சொல் நாள்தோறும் புழங்கியது. அக்மார்க் தரப்பட்டியலில் 'மலபார் கார்பிள்டு' உண்டு. பருமணி மிளகுக்கு 'டெல்லிச்சேரி கார்பிள்டு எக்ஸ்ட்ரா போல்டு' உண்டு. இவற்றை எழுதுவோர் அரிய சொல்லை ஆள்வதாக எண்ணுவதில்லை.

மொழியியல் மாணவர்களாகிய நாம் வழக்கிழப்பை முடிவுசெய்யும்போது நூல்களையும் இதழ்களையும் எண்ணுகிறோம். சரக்குப் பட்டியலையும் சாக்கு மூட்டையையும் எண்ணுவதில்லை. ஃபராகோவுக்காக அகராதியைப் புரட்டிய நாளில், இந்தக் கிடங்குகளிலிருந்து 'கார்பிள்டு' மிளகு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது.