அணை என்று சொல்லக் கூடாதவர்கள்

எங்கள் வீட்டில் 'விளக்கை அணை' என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். 'குளிர வை'ன்னு சொல்லு என்பார். விளக்கேற்ற வந்தவள் வாயில் அணைக்கிற பேச்சு வரக் கூடாதாம். இத்தனைக்கும் நாள் முழுக்க நெருப்போடு புழங்கியவர் அவர்தான். வெந்நீர் அடுப்பு, நெல் அவிக்கிற அடுப்பு, மாட்டுக் கொட்டகையில் போடும் மூட்டம், எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு கோடையில் பக்கத்து வீட்டுக் கூரை பற்றிக்கொண்டபோது முதல் குடம் தண்ணீரோடு ஓடியவரும் அவரே. பிறகு ஊரில் அந்தக் கதையைச் சொன்னவர்கள் கூரைமேல் ஏறிய ஆண்களின் பெயர்களை மட்டுமே சொன்னார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த கல்லூரியில் தீத்தடுப்புப் பயிற்சி நடந்தது. தீயணைப்பு உருளையை இயக்கிப் பார்க்க ஆண் ஆசிரியர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்கள். "மேடமெல்லாம் நிழல்ல நில்லுங்க. பொண்ணுங்கள பத்திரமா வெளிய கூட்டிட்டுப் போறதுதான் உங்க வேலை." நானும் போய் நிழலில் நின்றேன். அந்த வெட்கத்தில்தான் தீயணைத்த பெண்களின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

தேடல் என்னை ஒரு தீவில் கொண்டுபோய் நிறுத்தியது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக்கூட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது ஃபேர் ஐல். நீளம் ஐந்து கிலோமீட்டர்தான். அங்குள்ள பெண்கள் பின்னிய வண்ணக் கம்பளி உடைகளால் உலகம் அறிந்த பெயர் அது. 2019 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்த பறவை ஆய்வகத்தில் தீப்பிடித்தது. அப்போது தீவில் அறுபது பேர் அளவில்தான் வசித்தார்கள். ஷெட்லாந்தின் பெருந்தீவு சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து கூடுதல் ஆட்கள் வந்து சேரும்வரை தீவின் சொந்தக் குழுதான் தீயை எதிர்கொண்டது. யாருக்கும் காயமில்லை. கட்டடம் மிஞ்சவில்லை.

இப்படிப்பட்ட சிறு தீவுகளில் முழுநேரத் தீயணைப்பு ஊழியர்கள் கிடையாது. ஆடு வளர்ப்பவர், படகில் வேலை செய்பவர், பள்ளி ஆசிரியை, தபால் கொடுப்பவர் எல்லாரும் சேர்ந்ததுதான் படை. சேர விரும்புகிறவர் நிலையத்துக்குச் சில நிமிடத் தொலைவில் வசிக்க வேண்டும். உடல்தகுதித் தேர்வு உண்டு. குழாய் விரிக்கவும், பம்பை இயக்கவும், சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு புகைக்குள் போகவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் ஒத்திகை மாலைகள் தொடரும். இடுப்பில் மாட்டிய பேஜர் அலறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

பேஜர் அலறும்போது அதே இடுப்பில் குழந்தையும் இருந்தால்? ஆணின் பேஜர் அலறினால் குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரு பெண் இருப்பாள் என்று எந்த விதிமுறையும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் அவளை நம்பித்தான் நிற்கிறது. தன்னார்வம் என்ற சொல்லுக்குள் அவளுடைய உழைப்பும் சத்தமில்லாமல் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சொல்லை மேலும் சங்கடப்படுத்துகிறவர் மாலி வில்லியம்ஸ். இன்னொரு தீவான மன்ஹாட்டனில், நியூயார்க் வணிகர் ஒருவரிடம் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அந்த வணிகர் பதினொன்றாம் எண் தீயணைப்புக் குழுவின் உறுப்பினர். 1818-இன் பனிப்புயலில், குழுவினர் பலர் காய்ச்சலில் கிடந்தபோது, மாலி வடத்தைப் பிடித்துப் பம்பு வண்டியைப் பனியில் இழுத்தார் என்கிறார்கள். பருத்தி உடையும் கட்டம்போட்ட மேலங்கியும் அணிந்திருந்தாராம். அமெரிக்காவின் முதல் பெண் தீயணைப்புத் தன்னார்வலர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். தன் உடலே தனக்குச் சொந்தமில்லாத ஒருத்தி எதைத் 'தானாக' முன்வந்து தர முடியும்? அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து ஆண்கள் எழுதி வைத்த குறிப்புகள். உடையைக் குறித்து வைத்தவர்கள் கூலியைப் பற்றி எழுதவில்லை.

இங்கிலாந்தின் கதை வேறு வர்க்கத்தில் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜ் நகருக்கு வெளியே இருந்த கிர்ட்டன் பெண்கள் கல்லூரியின் மாணவிகள் 1878-இல் தங்களுக்கென்று ஒரு தீயணைப்புக் குழு அமைத்தார்கள். நகரத்து வண்டிக்காகக் காத்திருக்காமல் தங்கள் கட்டடத்தைத் தாங்களே காக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் குழு 1932 வரை இயங்கியது. கல்லூரியில் நிழலில் நின்ற எனக்கு இந்த ஆண்டுக் கணக்கு உறைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் தீயணைப்புச் சேவைகளில் பல்லாயிரம் பெண்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோருக்குத் தொலைபேசியும், வண்டி ஓட்டுதலும், குண்டு விழும் தெருக்களில் செய்தி கொண்டுபோகும் வேலையும் தரப்பட்டன. குழாய் ஆண்கள் கையிலேயே இருந்தது. போர் முடிந்ததும் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் பற்றாக்குறையில் அழைப்பதும், பற்றாக்குறை தீர்ந்ததும் மறப்பதும் நமக்குப் பழகிய வரலாறுதான்.

அதற்குப் பின் கதவு திறந்தது ஒரு சிற்றூரில். 1976-இல், நாடே வறட்சியில் காய்ந்த கோடையில், மேரி ஜாய் லாங்டன் கிழக்கு சசெக்ஸின் பேட்டில் என்ற ஊரில் தீயணைப்பு வீரராகச் சேர்ந்தார். பிரிட்டனில் களப்பணிக்கு வந்த முதல் பெண்ணாக அவரைப் பதிவுசெய்கிறார்கள். மாதச் சம்பளப் பணியில் அல்ல, அழைத்தால் ஓடி வரும் பகுதிநேரப் படையில்தான் அவர் சேர்ந்தார். லண்டன் தன் முதல் பெண் வீரரைச் சேர்த்தது 1982-இல்தான். பதவியும் ஓய்வூதியமும் இருக்கும் இடத்துக்குள் நுழையப் பெண்ணுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இன்று ஸ்காட்லாந்தின் தீவுகளில் பெண்களும் இந்தப் படையில் இருக்கிறார்கள். இதை வைத்து, கடல் சூழ்ந்த ஊரில் சமத்துவம் தானாக வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அறுபது பேர் வாழும் இடத்தில் பாதிப் பேரை நிழலில் நிறுத்தினால் ஊர் எரிந்துபோகும். போரைப் போல அந்தத் தேவை ஒருநாள் முடிந்துவிடுவதும் இல்லை. அதனால் அங்கே ஒருத்தியை இனி வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது கடினம். ஆட்கள் தாராளமாக இருக்கும் நம் ஊர்களில் யாருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே நாமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டுப் பயிற்சியின்போது நான் கேட்டேன். ஊசியை இழுக்க வேண்டும், முனையைத் தீயின் அடிப்பகுதிக்குத் திருப்ப வேண்டும், பிடியை அழுத்தி இடமும் வலமும் வீச வேண்டும். உருளை நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் முறை ஊசி வரவில்லை. பயிற்சி தந்தவர், "திருகி இழுங்க மேடம்" என்றார். திருகி இழுத்தேன், வந்தது. தகரத் தொட்டியில் எரிந்த தீ வெண்பொடிக்குள் அமிழ்ந்தது. நான் திரும்பியபோது எனக்குப் பின்னால் நான்கு மாணவிகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார்கள்.