வேடம் கட்ட ஆளில்லாத உலகங்கள்

முஹம்மத் அப்துர் ரஹ்மான் பார்க்கர் என்ற பெயரை எம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1929இல் அமெரிக்காவில் பிலிப் பார்க்கராகப் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் மொழி ஆய்வுக்காக இந்தியா வந்து, அங்கே இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டார். பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பேராசிரியராக இருந்தார். 1967இல் வெளிவந்த அவருடைய உருதுப் பாடநூல் மேற்கில் அம்மொழி கற்ற பலருக்குக் கைநூலாயிற்று.

அவருக்கு இன்னொரு முகம் இருந்தது. சிறு வயது முதல் அவர் மனதுக்குள் ஓர் உலகத்தைக் கட்டி வந்தார். டேகுமேல் என்பது அதன் பெயர். அதற்கென்று பேரரசுகள், கோத்திரங்கள், கோயில்கள், பல மொழிகள், அம்மொழிகளுக்கு இலக்கணம், எழுத்து எல்லாம் அமைத்தார். 1975இல் அந்த உலகம் ஒரு விளையாட்டாக அச்சேறியது.

அந்த விளையாட்டு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு நிலைமையை விபரித்துவிட்டு, "இப்போது நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். பதில் சொல்பவரின் துணிவும் பகடையின் எண்ணும் கதையை முன்னே நகர்த்தும். இவ்வகையில் முதலாவதாக அச்சில் வந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' 1974இல் வெளியானது. அதே கம்பனி அடுத்த ஆண்டு வெளியிட்ட பார்க்கரின் ஆட்டம் அதனைவிட ஆழமானது. ஐரோப்பிய மாளிகைகளும் குதிரை வீரர்களும் அதில் இல்லை. எமது துணைக்கண்டத்தினதும் பண்டைய மத்திய அமெரிக்காவினதும் சாயல் அதில் இருந்தது. அப்படியிருந்தும் முதலாவது ஆட்டம் உலகெங்கும் பரவ, டேகுமேல் தேய்ந்து போயிற்று. ஏன்?

முதலில் விலை. முதலாவது ஆட்டம் 10 டொலர். இதுவோ 25 டொலர். அடுத்து, உள்ளே நுழைவதற்கே பெரும் படிப்பு தேவைப்பட்டது. பெயர்களை உச்சரிக்கவே பயிற்சி வேண்டும். பதிப்பாளர்கள் கை மாறிக்கொண்டே இருந்தார்கள். 1975, 1983, 1994, 2005 என்று ஒவ்வொரு தடவையும் புதிய விதிகளோடு வெவ்வேறு கம்பனிகள் வெளியிட்டன, எதுவும் நிலைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உலகத்தின் உண்மை எது என்பதற்கு ஒரே ஒருவரிடம்தான் பதில் இருந்தது. அவருடைய வீட்டில் வாரந்தோறும் கூடி விளையாடியவர்களுக்கு அது உயிருள்ள உலகம். தூரத்தில் பெட்டியை வாங்கியவருக்கு அது அடுத்தவர் வீடு. தன் இஷ்டத்துக்கு ஒரு சுவரைக்கூட இடிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. 2012இல் பார்க்கர் காலமானார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1991இல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நாஸி ஆதரவு நாவலை எழுதியவர் பார்க்கரே என்பதை, அவரது படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை 2022இல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. யூத இனப்படுகொலையை மறுக்கும் சஞ்சிகையொன்றின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்திருக்கிறார். தேய்வு அதற்கு வெகு முன்பே நேர்ந்துவிட்டது. இந்தச் செய்தி எஞ்சியிருந்த அன்பர்களையும் கலங்கடித்தது. எம்முடைய பெயரைச் சூடியவர் என்பதற்காக நாம் இதனை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஊவா மலையில் இருந்துகொண்டு நான் ஏன் இதைப்பற்றி எழுத வேண்டும்? எம்மிடமும் இத்தகைய ஓர் உலகம் இருந்தது என்பதனால்தான். ஜின்கள், மாய நகரங்கள், வாளேந்திய இளவரசிகள், ஆகாயத்தில் பறக்கும் வீரர்கள் எல்லாம் நிறைந்த உலகம் அது. நான் சொல்வது படைப்போர் இலக்கியங்களையும் கிஸ்ஸாக்களையும்.

1686இல் வரிசை முகியித்தீன் புலவர் சக்கூன் படைப்போரைப் பாடினார். அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர், குஞ்சு மூசுப் புலவரின் செய்யிதத்துப் படைப்போர் என்று அந்த வரிசை நீண்டது. இவ்வுலகில் அடிக்கடி உலாவும் நாயகர் முகம்மது ஹனீபா. அலீ (ரலி) அவர்களின் புதல்வர். சைத்தூன் கிஸ்ஸாவில், தன்னைப் போரில் வெல்பவனையே மணப்பேன் என்று நிற்கும் சைத்தூனை எதிர்கொள்பவரும் அவரே. இதே கதை வங்காளத்தில் ஜைகூன் என்ற பெயரோடு புதிப் பாடல்களில் வாழ்ந்தது. மலாய் மொழியில் ஹனீபாவுக்குத் தனியொரு ஹிகாயத் உண்டு. 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்கவிருந்த இரவில், வீரர்கள் தம் சுல்தானிடம் அந்த ஹிகாயத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார்கள் என்று மலாய் வரலாற்று நூல் கூறுகிறது. வங்கக் கரையிலிருந்து மலாக்கா வரை விரிந்த ஒரு கற்பனைத் தேசத்தில் தமிழும் ஒரு மாகாணமாக இருந்திருக்கிறது.

பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், என் மூத்தும்மா மஃரிபுக்குப் பின் கிஸ்ஸா ராகமெடுத்து ஓதுவார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. குர்ஆன் மதரஸாவில் கற்ற எழுத்தைக் கொண்டே அரபுத்தமிழில் வாசித்தார். அயல் வீட்டுப் பெண்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சைத்தூன் தோற்கும் கட்டத்தில் "அந்தப் புள்ள விட்டுக் குடுத்துட்டா" என்று ஒருத்தி சொல்வாள். "இல்ல, சூழ்ச்சி" என்பாள் இன்னொருத்தி. விவாதம் இஷா வரை நீளும். கேட்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தப் போருக்குள் இருந்தார்கள்.

இந்த உலகம் தேய்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அரபுத்தமிழ் வழக்கொழிந்தது முதலாவது. பாடசாலை தமிழெழுத்தைத் தந்தது, அது நன்மையே. ஆனால் பெண்களின் கையிலிருந்த ஒரு வாசிப்புச் சாவி அத்தோடு துருப்பிடித்தது. இரண்டாவது, நவீனத்தின் வருகை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய கண்டி சித்தி லெப்பை, 1885இல் 'அசன்பே சரித்திர'த்தை எழுதியபோது உரைநடை நாவலைத் தெரிந்தெடுத்தார். அதிலும் அதிசயங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஜின்கள் விடைபெற்றுவிட்டன.

மூன்றாவது காரணம் மார்க்க ரீதியானது. அதனை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஹனீபா வரலாற்றில் வாழ்ந்தவர்; ஹிஜ்ரி 81இல் காலமானவர். அவர் இறக்கவில்லை, ரள்வா மலையில் மறைந்திருக்கிறார் என்று நம்பிய ஒரு கூட்டம் அக்காலத்திலேயே இருந்தது. அத்தகைய ஒருவரின் பெயரில் நடவாத போர்களைப் பாடுவது சரியா என்று ஆலிம்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான் எமக்கு இழப்பானது. கதையை வரலாறு என்று நம்பாதீர்கள் என்பதோடு நில்லாமல், கதையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம். பெயரை மாற்றி உலகத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

நான்காவது காரணம் பேசப்படாதது. படைப்போரின் உலகில் அயலவர் அநேகமாக எதிரி. தோற்பார் அல்லது கலிமாச் சொல்வார். மூன்றாவது வழி அரிது. சிங்களவரும் தோட்டத் தமிழரும் நாமும் ஒரே சந்தையில் மரக்கறி வாங்கும் பதுளையில், அந்த உலகத்தை வெளித் திண்ணைக்குக் கொண்டுவர முடியாது. வீட்டுக்குள் மட்டும் வாழும் கற்பனை வீட்டாரோடு வயதாகிவிடும்.

இங்கேதான் ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்து எனக்குப் பாடமாகிறது. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான், பின்னர் மீண்டெழுவான். இடைப்பட்ட இரவுகளில் நேற்றுவரை கொழுந்து நிறுத்தவர் ரதியாகவும் கவ்வாத்து வெட்டியவர் எமனாகவும் லயத்து வாசல்களுக்கு வருவார்கள். நேர்த்திக்காக வேடம் கட்டுவோர் உண்டு, தப்படிப்போர் உண்டு, வாத்தியார் உண்டு. பார்வையாளர் என்று ஒதுங்கி நிற்பவர் குறைவு.

அந்த உலகத்துக்கு நேர்ந்த அடி எமக்கு நேர்ந்ததைவிடப் பெரிது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. பசறையிலும் மடுல்சீமையிலும் ஹாலிஎலையிலும் ரதி ஒரு வருடம் இருந்தால் அடுத்த வருடம் தலைமன்னாரில் கப்பலேறியிருப்பாள். 1983இல் பதுளை நகரமே எரிந்தது. பின்னர் தொலைக்காட்சி வந்தது. இளைஞர்கள் கொழும்புக்கு வேலை தேடிப் போனார்கள். தப்பைத் தொட்டால் சாதி ஒட்டும் என்று விலகியவர்களும் உண்டு. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் பல தோட்டங்களில் நினைவாகிவிட்டன. ஆயினும் காமன் கூத்து இன்றும் மலையகத் தோட்டங்களில் ஆடப்படுகிறது. ஏன்? அதற்கு வருடத்தில் ஒரு நாள் குறித்திருக்கிறது. தோட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. ஒருவர் போனால் அவ்வேடத்தை ஏற்க இன்னொருவர் கடமைப்பட்டிருக்கிறார். பாட்டைக் கூட்டிக் குறைக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பார்க்கரின் உலகத்துக்கு ஓர் உரிமையாளர் இருந்தார். எமது படைப்போருக்கு வாசகர் இருந்தனர். காமன் கூத்துக்கு ஆடுவோர் இருக்கிறார்கள். தேய்வின் வேகம் அந்த வரிசையில்தான் குறைகிறது. கற்பனையின் வளம் அதனை நிர்ணயிக்கவில்லை.

ஏட்டைப் பாதுகாப்பது ஒரு பெரும்பணி. பேராசிரியர் எம். எம். உவைஸும் அவரோடு உழைத்தவர்களும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுத்திராவிட்டால் இந்தப் பெயர்களே எமக்கு மிஞ்சியிரா. ஆனால் வரலாற்றில் இடம்பிடித்த இலக்கியம், வாயில் இடம்பிடித்ததாகாது. உருதுவின் அமீர் ஹம்சா தாஸ்தான் லக்னோ நவல் கிஷோர் அச்சகத்தில் 46 தொகுதிகளாக வந்தது. ஆயினும் 1928இல் டில்லியின் மீர் பாகர் அலீ மறைந்தபோது அந்தக் கலை அடங்கிவிட்டது என்றே கருதினார்கள். தொகுதிகள் அலுமாரியில் இருந்தன, சொல்பவர் இல்லை. 2005இல் ஷம்சுர் ரஹ்மான் பாரூக்கியின் வழிகாட்டலில் மஹ்மூத் பாரூக்கி மேடையேறி வாய்திறந்த பிறகே ஹம்சா மீண்டும் நடமாடினார்.

எமது பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் வேறு யாரோ கட்டிய உலகங்களில் வாள் வீசுகிறார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பதுளையிலோ வெலிமடையிலோ குருத்தலாவையிலோ பழைய கிஸ்ஸாப் பிரதி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கலாம். ஒரு மாலையில் அதை எடுத்து ராகத்தோடு வாசியுங்கள். ஹனீபாவின் பெயரை மரியாதையோடு வரலாற்றுக்கே விட்டுவிட்டு, நாயகனுக்கு நமுனுகுல மலையடிவாரத்துப் பெயரொன்றை வையுங்கள். எதிரில் நிற்பவனுக்குத் தோல்வியும் மதமாற்றமும் தவிர மூன்றாவது வழியொன்றைத் திறந்துவிடுங்கள். சைத்தூன் வாளை உருவும் இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் சிறுமியிடம் கேளுங்கள்: "மகள், நீ சைத்தூன். இப்ப என்ன செய்யப் போறாய்?"