பெப்டிடோகிளைக்கான் சிதைப்பு நொதிகள்

பெப்டிடோகிளைக்கான் சிதைப்பு நொதிகள் என்பவை பாக்டீரியாக்களின் செல்சுவரில் உள்ள வேதிப்பிணைப்புகளை வெட்டும் நொதிகள் ஆகும். பெயரில் சிதைப்பு என்று இருப்பினும் இவற்றின் பணி அழித்தல் மட்டுமன்று. பாக்டீரியா வளரவும், இரண்டாகப் பிரியவும், சுவரின் பழைய பகுதிகளை மீண்டும் பயன்படுத்தவும் இந்நொதிகள் தேவைப்படுகின்றன. கட்டுப்பாட்டை மீறிச் செயற்படும்போது இவையே செல்லை வெடிக்கச் செய்கின்றன.

செல்சுவரின் அமைப்பு

பெப்டிடோகிளைக்கான் என்பது செல்லைச் சுற்றிப் பின்னப்பட்ட வலை போன்ற ஒரு பெருமூலக்கூறு ஆகும். என்-அசிட்டைல்குளுக்கோசமைன், என்-அசிட்டைல்மியூராமிக் அமிலம் ஆகிய இரு சர்க்கரை அலகுகள் மாறி மாறி இணைந்து நீண்ட இழைகளாகின்றன. மியூராமிக் அமில அலகுகளிலிருந்து குறுகிய பெப்டைடுச் சங்கிலிகள் கிளைக்கின்றன. அருகருகே உள்ள இழைகளின் பெப்டைடுகள் குறுக்குப் பிணைப்புகளால் இணைக்கப்படுவதால் சுவர் உறுதி பெறுகிறது. செல்லின் உள்ளே உள்ள ஊடுபரவல் அழுத்தத்தை இவ்வலையே தாங்குகிறது. கிராம்-நேர் பாக்டீரியாக்களில் இது பல அடுக்குகளைக் கொண்டது. கிராம்-எதிர் பாக்டீரியாக்களில் பெரும்பாலும் ஒற்றை அடுக்காகவே உள்ளது.

வகைகள்

எந்தப் பிணைப்பை வெட்டுகின்றன என்பதைக் கொண்டு இந்நொதிகள் பிரிக்கப்படுகின்றன.

* கிளைக்கோசிடேசுகள்: சர்க்கரை இழையை வெட்டுபவை. கண்ணீர், உமிழ்நீர், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றில் உள்ள லைசோசைம் இவ்வகையைச் சேர்ந்தது.
* சிதைப்பு டிரான்ஸ்கிளைக்கோசிலேசுகள்: லைசோசைம் வெட்டும் அதே பிணைப்பை நீர் மூலக்கூற்றைப் பயன்படுத்தாமல் வெட்டுபவை.
* அமிடேசுகள்: சர்க்கரை இழையிலிருந்து பெப்டைடைப் பிரிப்பவை.
* எண்டோபெப்டிடேசுகள்: பெப்டைடுகளின் இடையே, குறிப்பாகக் குறுக்குப் பிணைப்புகளில் வெட்டுபவை.
* கார்பாக்சிபெப்டிடேசுகள்: பெப்டைடின் இறுதியில் உள்ள அமினோ அமிலத்தை நீக்குபவை.

கண்டுபிடிப்பு

அலெக்சாண்டர் பிளெமிங் 1921ஆம் ஆண்டு மூக்குச்சளியில் பாக்டீரியாவைக் கரைக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு, 1922இல் அதனை லைசோசைம் என்ற பெயரில் வெளியிட்டார். 1965இல் டேவிட் பிலிப்சு குழுவினர் ஊடுகதிர் படிகவியல் மூலம் இதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தனர். இவ்வாறு அமைப்பு கண்டறியப்பட்ட முதல் நொதி இதுவே.

வளர்ச்சியில் பங்கு

மூடிய வலை ஒன்றில் புதிய இழையைச் சேர்க்க வேண்டுமானால், முதலில் பழைய பிணைப்புகள் சிலவற்றை வெட்டி இடைவெளி உண்டாக்க வேண்டும். ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் வலையில் பிழையான வெட்டு செல்லின் இறப்பில் முடியும். இந்த வெட்டும் பணியைச் செய்பவை எவை என்ற வினாவுக்கு முக்கியமான விடை ஒன்று இந்தியாவிலிருந்து கிடைத்தது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் மஞ்சுளா ரெட்டி தலைமையிலான குழுவினர், எசரிக்கியா கோலை பாக்டீரியாவில் மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்னும் மூன்று எண்டோபெப்டிடேசுகள் இப்பணியைச் செய்வதை 2012இல் வெளியிட்டனர். ஒன்று இல்லாதபோது மற்றவை ஈடுசெய்கின்றன. மூன்றும் இல்லாத செல்லில் புதிய இழைகள் சேர்வது தடைப்பட்டுச் செல் சிதைகிறது. அதாவது, வெட்டும் நொதிகள் இல்லாமையாலும் பாக்டீரியா இறக்கிறது.

மெப்எஸ் நொதியின் அளவை என்எல்பிஐ, பிஆர்சி ஆகிய இரு புரதங்கள் இணைந்து குறைப்பதையும் இக்குழு 2015இல் காட்டியது. இவ்வாய்வுகளுக்காக மஞ்சுளா ரெட்டிக்கு 2019ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு உயிர் அறிவியல் பிரிவில் வழங்கப்பட்டது.

செல்பிரிவின் இறுதியில் சேய்ச் செல்களைப் பிரிப்பதில் அமிடேசுகள் முதன்மையானவை. இவை குறைபட்ட செல்கள் பிரியாமல் சங்கிலி போல் தொடர்ந்து நிற்கும்.

மருத்துவ முக்கியத்துவம்

பெனிசிலின் புதிய குறுக்குப் பிணைப்புகள் உருவாவதைத் தடுக்கிறது. வெட்டும் நொதிகள் தொடர்ந்து செயற்படுவதால் பல பாக்டீரியாக்களில் சுவர் நலிந்து செல் சிதைகிறது. தற்சிதைவு நொதிகள் அடக்கப்பட்ட நிமோகாக்கசுகள் பெனிசிலினால் வளர்ச்சி தடைப்பட்டாலும் சிதைவதில்லை என்பதை அலெக்சாண்டர் தோமாசு குழுவினர் 1970இல் கண்டறிந்தனர். இதிலிருந்து, மருந்தின் கொல்லும் திறன் பாக்டீரியாவின் சொந்த நொதிகளையும் சார்ந்துள்ளது என்பது தெளிவாகிறது.

வெட்டப்பட்ட சுவர்த்துண்டுகள் செல்லுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டு மீண்டும் பயன்படுகின்றன. என்டரோபாக்டர் போன்ற சிலவற்றில் இத்துண்டுகள் மிகும்போது, பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேசு உற்பத்தி தூண்டப்படுகிறது. இது மருந்து எதிர்ப்புக்குக் காரணமாகும் வழிகளுள் ஒன்றாகும்.

பாக்டீரியாவைத் தாக்கும் நச்சுயிரிகளான பாக்டீரியாவிழுங்கிகள், செல்லை உடைத்து வெளியேற எண்டோலைசின் என்னும் நொதிகளைப் பயன்படுத்துகின்றன. இவற்றையும் இவற்றை ஒத்த நொதிகளையும் மருந்தாக்கும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. பெங்களூருவின் கங்காஜென் நிறுவனம் இசுடாபிலோகாக்கசுக்கு எதிராக உருவாக்கிய பி128 என்னும் புரதம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு இத்தகைய நொதிகள் வெளியிலிருந்து சுவரை அடைவதைத் தடுப்பதால், அவற்றுக்கு எதிராக இம்முறையைப் பயன்படுத்துவது கடினமாகும்.

பிற பயன்கள்

ஆய்வகங்களில் பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முன் சுவரைக் கரைக்க லைசோசைம் சேர்க்கப்படுகிறது. பாலாடைக்கட்டி தயாரிப்பில், கெடுக்கும் குளோசுட்ரிடியம் பாக்டீரியாக்களைத் தடுக்கவும் முட்டை லைசோசைம் பயன்படுகிறது.