எலும்புக்குள் சீமெந்து: ஓர் ஊசியின் கதையும் ஒரு கேள்வியும்

அம்மம்மா கூனி நடப்பதை நாங்கள் ஒரு வருத்தமாகப் பார்ப்பதில்லை. “வயசு போனால் அப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் பல கூன்களுக்குப் பின்னால் உடைந்த எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் பல விழுந்து உடைந்தவை அல்ல, இருந்த இடத்திலேயே நசிந்தவை. அப்படி நசிந்த எலும்பைக் கத்தி வைத்துத் திறக்காமல் ஓர் ஊசியால் சரிப்படுத்தலாம் என்று வைத்தியர்கள் நம்பத் தொடங்கிய கதைதான் இது. 25 வருடங்கள் கழித்து அந்த நம்பிக்கையை அவர்களே சோதித்துப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதும் இந்தக் கதைக்குள் வரும்.

முதலில் எலும்பைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். முள்ளந்தண்டு ஒரே கம்பு இல்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் வரிசை. ஒவ்வொன்றின் முன்பகுதியும் ஒரு சின்ன ரின் மாதிரி. வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பாண் துண்டு போலத் துளைகள் நிறைந்த எலும்பு. வயது போகப் போக அந்தத் துளைகள் பெருக்கும், இடையில் இருக்கும் எலும்பு மெலியும். இதைத்தான் ஒஸ்டியோபொரோசிஸ் என்கிறார்கள். இந்த வருத்தம் ஏன் பெண்களை அதிகம் பிடிக்கிறது என்ற கேள்விக்கு 1941இல் அமெரிக்க வைத்தியர் புல்லர் அல்பிரைட் ஒரு பதில் எழுதினார்: மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதற்கும் எலும்பு மெலிவதற்கும் தொடர்பு இருக்கிறது.

அப்படி மெலிந்த முள்ளெலும்பு, தண்ணி வாளி ஒன்றைத் தூக்கும்போதோ, ஏன், பலமாக இருமும்போதோகூட நசிந்துவிடலாம். முன்பக்கம் நசிந்தால் எலும்பு ஆப்பு வடிவமாகும். இரண்டு மூன்று எலும்புகள் அப்படி ஆனால் முதுகு முன்னுக்கு வளையும், உயரம் குறையும். அதுதான் கூன். சிலருக்கு நோவே தெரியாது. வேறு சிலர் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் வாரக்கணக்காகத் துடிப்பார்கள்.

இதற்கு முந்திய வைத்தியம் என்ன? நோமாத்திரை, இடுப்புப் பட்டி, படுக்கை. படுக்கை என்பதே ஒரு பொறி. அசையாமல் கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும். பெரிய சத்திரசிகிச்சை செய்து உலோகத் தகடும் திருகாணியும் பூட்டலாமே என்றால், மெலிந்த எலும்பில் திருகாணி பிடிக்காது. உக்கின மரத்தில ஆணி அடிச்ச மாதிரித்தான்.

இங்கேதான் சீமெந்து வருகிறது. வீடு கட்டுகிற சீமெந்து இல்லை. பொலிமெதில் மெதக்ரிலேற் என்ற பிளாஸ்ரிக். 1930களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சந்தைக்கு வந்தது. பேர்ஸ்பெக்ஸ் என்றால் பலருக்கு விளங்கும். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் விமானி அறைக்கு இதைத்தான் பொருத்தினார்கள். கண்ணுக்குள் அதன் துண்டுகள் பாய்ந்த விமானிகளைப் பார்த்த ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, உடல் இந்தப் பொருளைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்தார். 1949இல் அதே பொருளில் முதலாவது செயற்கைக் கண் வில்லையைப் பொருத்தினார். சில வருடங்களுக்குள் இங்கிலாந்தின் ஜோன் சார்ண்லி செயற்கை இடுப்பு மூட்டை எலும்போடு பிடிப்பிக்க இதையே பாவித்தார். தூளையும் திரவத்தையும் கலந்தால் பசையாகி, சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடும். ‘எலும்புச் சீமெந்து’ என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

1984இல் பிரான்ஸின் அமியான் நகரத்துக்குப் போவோம். 54 வயதுப் பெண் ஒருவர் தாங்க முடியாத கழுத்து நோவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பை ஓர் இரத்தக்குழாய்க் கட்டி உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தது. நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பியர் கலிபேரும் கதிரியல் நிபுணர் ஹேர்வே டெராமோனும், எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டு ஊசியால் அந்த எலும்புக்குள் சீமெந்தைச் செலுத்தினார்கள். நோ போய்விட்டது. 1987இல் அவர்கள் குழு ஏழு நோயாளர்களின் விபரத்தை ஒரு பிரெஞ்சு மருத்துவ இதழில் எழுதியது. இந்த முறைக்கு வெர்ட்டிப்ரோபிளாஸ்ரி என்று பெயர். கட்டிக்காகத் தொடங்கிய இந்த வைத்தியத்தை விரைவிலேயே ஒஸ்டியோபொரோசிஸால் நசிந்த எலும்புகளுக்கும் பாவிக்கத் தொடங்கினார்கள்.

செய்யும் விதம் கேட்கச் சுலபம். நோயாளரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் விறைப்பூசி போடுவார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தபடி தடித்த ஊசியொன்றைத் தோலுக்குள்ளால் முள்ளெலும்பின் நடுவுக்கு இறக்குவார்கள். பற்பசைப் பதத்தில் இருக்கும் சீமெந்தில் சில மில்லிலீற்றர் உள்ளே போகும். தையலும் தேவையில்லை, பெரிய காயமும் இல்லை. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. சீமெந்து கசிந்து முண்ணாண் பக்கம் போனால் நரம்பு பாதிக்கப்படலாம். நாளத்துக்குள் போனால் நுரையீரல் வரைக்கும் போகலாம்.

1990களில் இது அமெரிக்காவுக்குப் போனது. 1997இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 29 நோயாளர்களில் 47 முள்ளெலும்புகளுக்குச் செய்த முடிவை வெளியிட்டது. 26 பேர் 24 மணித்தியாலத்துக்குள் நோ குறைந்ததாகவும் அசைவு கூடியதாகவும் சொன்னார்கள். இதே காலத்தில் கலிபோர்னியாவில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்க் ரைலி இன்னொரு படி போனார். முதலில் ஊசி வழியாக ஒரு சின்னப் பலூனை நுழைத்து ஊதி, நசிந்த எலும்பை நிமிர்த்தப் பார்ப்பது, பிறகு பலூனை எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தைச் சீமெந்தால் நிரப்புவது. இதற்குப் பெயர் கைபோபிளாஸ்ரி. 1998இல் நோயாளர்களுக்குச் செய்யத் தொடங்கினார்கள். சீமெந்தைத் தடிப்பாக, குறைந்த அழுத்தத்தில் விடலாம் என்பதால் கசிவு குறைவு. செலவோ பல மடங்கு.

செலவு என்றால் அங்கே இலாபமும் இருக்கும் தானே. பலூனைத் தயாரித்த கைபோன் கொம்பனியை 2007இல் மெட்ரோனிக் ஏறத்தாழ 390 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அடுத்த வருடம், அன்றே வீட்டுக்குப் போகக்கூடிய நோயாளர்களை ஆஸ்பத்திரியில் இரவு தங்கவைத்து அரச காப்புறுதியில் கூடக் காசு எடுக்க ஆஸ்பத்திரிகளை ஊக்குவித்தது என்று கைபோன் மீது இருந்த குற்றச்சாட்டை, புதிய உரிமையாளர் 7.5 கோடி டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்.

இவ்வளவும் நடக்கிறபோது ஒரு கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்க்காமலே விட்டிருந்தார்கள்: நோ குறைந்தது சீமெந்தாலா?

“இதென்ன கேள்வி? வரேக்க நடக்கேலாமல் வந்த மனுசி போகேக்க நடந்து போறா, கண்ணால பாத்தம்” என்று யாரும் சொல்லலாம். வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். புதிய மாத்திரை ஒன்று சந்தைக்கு வரமுதல் அதை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். சத்திரசிகிச்சைக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. இதற்கு முந்தியும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1950களில் நெஞ்சு நோவுக்காக மார்பிலுள்ள ஓர் இரத்தக்குழாயைக் கட்டிவிடும் வைத்தியம் அமெரிக்காவில் பிரபலம். 1959இல் வெளியான ஓர் ஆய்வில் சிலருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்தார்கள். அவர்களுக்கும் அதேயளவு சுகம் வந்தது. அந்தச் சத்திரசிகிச்சை வழக்கொழிந்தது.

2009 ஓகஸ்டில் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின் இதழில் ஒன்றாக இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்றை அவுஸ்திரேலியாவில் ரேச்சல் புக்பைன்டர் தலைமையில் 78 பேரோடு செய்தார்கள். மற்றதை டேவிட் கால்ம்ஸ் தலைமையில் பல நாடுகளில் 131 பேரோடு செய்தார்கள். கால்ம்ஸ் இந்த வைத்தியத்துக்கு எதிரானவர் இல்லை, அதைச் செய்துவந்தவர். ஆய்வில் பாதிப்பேருக்கு உண்மையான சீமெந்து போட்டார்கள். மற்றப் பாதிப்பேருக்கு எல்லாமே ஒரு நாடகம். கால்ம்ஸின் ஆய்வில் அவர்களுக்கு விறைப்பூசி போட்டு, முதுகை அழுத்தி, மணம் மூக்குக்கு எட்டட்டும் என்று சீமெந்துப் போத்தலையும் திறந்துவைத்தார்கள். சீமெந்து மட்டும் உள்ளே போகவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பத்துக்கு எத்தனை நோ என்று கேட்டார்கள். சீமெந்து போட்டவர்களின் சராசரி 3.9, போடாதவர்களுடையது 4.6. தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய வித்தியாசம். இரண்டு பக்கத்துக்கும் சுகம் வந்திருந்தது. அவுஸ்திரேலிய ஆய்வும் அதையே சொன்னது.

அப்போ நோயாளர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்களின் நோ உண்மை, சுகமும் உண்மை. அந்தச் சுகத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த காரணம்தான் பிழைத்திருக்கலாம். நசிந்த எலும்பு பெரும்பாலும் வாரங்களில் தானாகவே பொருந்தும். மனிதர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது நோ உச்சத்தில் இருக்கும்போது, அதற்குப் பிறகு அது இறங்கத்தான் செய்யும். விறைப்பூசிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். நம்பிக்கையோடு ஒருவர் கை வைத்துப் பார்ப்பதே பாதி மருந்து என்பதும் எங்களுக்குப் புதுசு இல்லை.

சண்டை அதோடு முடியவில்லை. ஒரு வருடப் பழைய முறிவுகளையும் ஆய்வில் சேர்த்தது பிழை என்றார்கள் எதிர்த்தவர்கள். 2016இல் அவுஸ்திரேலியாவில் ஆறு வாரத்துக்கு உட்பட்ட, நோ கடுமையான முறிவுகளை மட்டும் எடுத்து 120 பேரில் செய்த ஆய்வில் சீமெந்து வென்றது. 2018இல் நெதர்லாந்தில் 180 பேரில் செய்த ஆய்வில், அங்கேயும் புதிய முறிவுகள்தான், வித்தியாசம் தெரியவில்லை. அவுஸ்திரேலிய அரசு 2011இல் இதற்கான கொடுப்பனவை நிறுத்தி, 2020இல் புதிய முறிவுகளுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தது. பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013இல், மருந்துக்கு அடங்காத கடும் நோ உள்ள, பொருந்தாத புதிய முறிவுகளுக்கு இரண்டு முறைகளையும் அனுமதித்தது. புற்றுநோய் அரித்த எலும்புகளின் கதை வேறு. அங்கே சீமெந்துக்கு இன்றும் ஓர் இடம் இருக்கிறது.

இந்த வரலாற்றை “ஊசி ஏமாத்து” என்று சுருக்கினால் நாங்கள் பிழை விடுகிறோம். அமியானில் அந்தப் பெண்ணின் கழுத்தைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் ஏமாற்றுக்காரர் இல்லை. தான் செய்துவந்த வைத்தியத்தைத் தானே சோதனைக்கு வைத்த கால்ம்ஸைப் போன்றவர்களையும் எல்லாத் துறையிலும் காண முடியாது. நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வியை: எதோடு ஒப்பிட்டால் சுகம்? நாளைக்கு அம்மம்மாவுக்கு ஒரு வைத்தியர் இந்த ஊசியைச் சொல்லலாம், வெளிநாட்டில் இருக்கிற மாமா காசு அனுப்புகிறேன் என்று சொல்லலாம். அப்போது ஓமென்றோ வேண்டாமென்றோ சொல்ல முதல் கேட்போம். முறிவு எத்தனை வாரம்? பொறுத்திருந்தால் என்ன ஆகும்? கசிந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் முக்கியம்: அடுத்த எலும்புக்கு என்ன செய்யப்போகிறோம்? சீமெந்து நிரப்புவது ஓர் எலும்பை மட்டும். மெலிவு எல்லா எலும்பிலும் இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முள்ளெலும்பு நசிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே இன்னொன்று நசிந்தது. எலும்பைப் பலப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றைத் தொடங்க வேண்டும் என்றால், முதலில் யாராவது அது உடைந்த எலும்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அம்மம்மா போன வருடத்தைவிடக் கட்டையாகத் தெரிகிறாவா, சட்டை நீண்டு தொங்குகிறதா, திடீரென்று முதுகைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாவா? வயசு என்று சொல்லிக் கடந்துபோகாமல் ஒரு எக்ஸ்ரே எடுப்பிப்போம்.