அகமதாபாத் விமான விபத்து: 'ஃபிளாப்' காரணமா?

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12-ஆம் தேதி நேரிட்ட ஏர் இந்தியா விமான விபத்தில் 260 பேர் உயிரிழந்தனர். 'ஃபிளாப்'கள் முன்கூட்டியே உள்ளிழுக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது எழுந்தது.

இறக்கையின் பின்விளிம்பில் நீட்டப்படும் ஃபிளாப்கள், குறைந்த வேகத்திலும் விமானம் மேலெழத் தேவையான தூக்குவிசையை அளிக்கின்றன. போதிய வேகத்தை எட்டிய பின்னரே அவை படிப்படியாக உள்ளிழுக்கப்படும். விமானத்தின் எடை கூடினால் அதற்கான வேகமும் கூடும். முன்னதாகவே உள்ளிழுத்தால் தூக்குவிசை குறைந்து விமானம் விழும் அபாயம் உண்டு.

ஃபிளாப்களை நீட்டாமல் ஓடுபாதையில் வேகமெடுத்தால் எச்சரிக்கை ஒலி எழும். பறக்கும்போது வேகம் குறைந்தால் வேகங்காட்டியில் எச்சரிக்கைப் பட்டை தோன்றும். ஆபத்து நெருங்கினால் விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டு அதிரும்.

விபத்துக்குள்ளான போயிங் 787 விமானத்தின் புறப்பாட்டு எடை 2,13,401 கிலோ. அந்த எடையில் மேலெழும்போது தேவைப்படும் பாதுகாப்பான வேகம் 162 நாட், அதாவது மணிக்கு 300 கி.மீ. விமானமோ 180 நாட் வேகத்தை எட்டியிருந்தது. ஃபிளாப் நெம்புகோலும் புறப்பாட்டுக்குரிய 5 டிகிரி நிலையிலேயே இருந்ததாக, விமான விபத்து புலனாய்வு அமைப்பு ஜூலை 12-இல் வெளியிட்ட முதல்கட்ட அறிக்கை தெரிவித்தது. இரு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் 'கட்ஆஃப்' நிலைக்கு மாறியதை விமானத் தரவுப் பதிவுகள் காட்டின.