தளர்நடைக்கு முன்னே



பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதத்தையொட்டிக் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தையொட்டிக் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டையொட்டித் தளர்நடை நடந்து வருவது வருகை. நம் பாட்டிமாரும் இப்படித்தான் மாதக் கணக்குப் பார்த்தார்கள். கணக்குத் தவறினால், "பொறுத்திரு, நடந்துவிடும்" என்பார்கள். பல பிள்ளைகள் நடந்தும் விடுகின்றன. ஆனால், உதவி தேவைப்படும் பிள்ளையை முன்கூட்டியே அறிவது எப்படி? இக்கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றை இன்று காண்போம்.

வில்லியம் ஜான் லிட்டில் 1810இல் இலண்டனில் பிறந்தவர். சிறு வயதில் கண்ட நோயால் அவருடைய ஒரு பாதம் வளைந்துபோனது. மருத்துவம் பயின்ற பின், 1836இல் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றார். அங்கே ஸ்ட்ரோமேயர் என்னும் அறுவை மருத்துவர் தசைநாணை வெட்டி அப்பாதத்தைச் சீராக்கினார். அதன் பின் உறுப்புக் குறைபாடுள்ளோர்க்கு மருத்துவம் செய்வதையே லிட்டில் தம் பணியாக்கிக் கொண்டார். 1861இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். குறைமாதப் பிறப்பு, கடினமான பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறுதல் ஆகியவை மூளையைத் தாக்கிக் கைகால்களை விறைக்கச் செய்யலாம் என்றார். கால் விறைத்திருந்தாலும் கோளாறு காலில் இல்லை என்பது அன்று பெரிய செய்தி. நெடுங்காலம் 'லிட்டில் நோய்' எனப்பட்ட அந்நிலையை இன்று பெருமூளை வாதத்தின் ஒரு வகையாகக் கொள்கிறோம்.

உளவியலால் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், அதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்தவர். 1897இல் வெளிவந்த தம் நூலில் அவர் வேறொரு கருத்தைச் சொன்னார். கருவிலேயே தோன்றிய கோளாற்றின் விளைவாகவும் பிரசவம் கடினமாகலாம் என்றார். பிரசவம் பார்த்தவரையும் தாயையும் எடுத்த எடுப்பில் பழிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் 1911இல் குழந்தைகளுக்கான ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். குழந்தைகளின் அசைவுகளைத் திரைப்படமாக எடுத்து, எந்த மாதத்தில் எது வரும் என்று அட்டவணைகள் வகுத்தார். அவை மிகவும் பயன்பட்டன. ஆயினும் அவை பெரும்பாலும் "எப்போது" என்றே கேட்டன.

"எப்படி" என்று கேட்டவர்களுள் ஒருவர் பெர்டா போபாத். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியிலிருந்து வெளியேறி இலண்டனில் குடியேறிய உடற்பயிற்சி ஆசிரியை அவர். 1951இல் மருத்துவரான கணவர் கார்லுடன் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். குழந்தை உட்காருகிறதா என்பதோடு, எந்தத் தசையை இறுக்கி, உடலை எப்படித் திருப்பி உட்காருகிறது என்பதையும் கவனித்தார். அவருடைய சிகிச்சை முறையின் பலனைப் பற்றி ஆய்வாளரிடையே இன்று கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கூர்ந்து பார்க்கும் பழக்கம் பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையில் நிலைத்துவிட்டது.

வியன்னாவில் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். விழித்து அமைதியாக மல்லாந்து கிடக்கும் குழந்தையைத் தொடாமல், பொம்மை காட்டாமல், சில நிமிடங்கள் ஒளிப்பதிவு செய்து பார்த்தார். மூன்று மாதத்தையொட்டிக் கழுத்து, உடல், கைகால் எங்கும் எல்லாத் திசையிலும் சிறுசிறு துருதுரு அசைவுகள் ஓட வேண்டும். அவரும் அவர் குழுவினரும் 130 குழந்தைகளை ஆராய்ந்து 1997இல் முடிவை வெளியிட்டனர். அவ்வசைவுகள் சரியாக இருந்த 70 குழந்தைகளில் 67 பேர் நரம்புக் குறையின்றி வளர்ந்தனர். அவை இல்லாமலோ பிறழ்ந்தோ இருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னர்க் குறை வெளிப்பட்டது.

அப்படியானால் மாதக் கணக்கு வீணா? இல்லை. அதை ஒரே நாளாகக் கொள்ளாமல் ஓர் எல்லையாகக் கொள்ள வேண்டும். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. நலமுள்ள குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்திருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டனர். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு, அந்த இரண்டு மாதத்தைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும்.

பெற்றோர் நினைவிற் கொள்ள வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. நான்கு மாதம் கடந்தும் விரல்கள் மடங்கி இறுகியே இருப்பது, ஒன்பது மாதமாகியும் உட்காராதது, ஓராண்டுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது ஆகியவை அவற்றுள் சில. "நம் பிள்ளை இடக்கை" என்று மகிழ்ந்து விட்டுவிடாதீர்கள். இவற்றால் மட்டும் நோய் உறுதியாவதில்லை. மருத்துவரிடம் காட்ட இவை போதிய காரணங்கள்.

முன்பு ஒன்று, இரண்டு வயதுவரை காத்திருந்தே பெருமூளை வாதத்தை உறுதிசெய்தனர். பல நாட்டு வல்லுநர்கள் 2017இல் வெளியிட்ட பரிந்துரை, பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே அதைக் கண்டறியலாம் என்கிறது. மூளை விரைந்து வளரும் அம்மாதங்களில் தொடங்கும் பயிற்சி குழந்தைக்குத் துணையாகும். தசை சுருங்குவதையும் இடுப்பு மூட்டு விலகுவதையும் கவனித்துத் தடுக்க வழி பிறக்கும். ஐயம் தோன்றினால், அடுத்த பருவம் வரட்டும் என்று காத்திராமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அருகிலுள்ள கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.