பேரங்காடி முதல் நகராட்சித் தெரு வரை: காவிரிப் படுகையில் பெண்பெயர் தாங்கிய இடங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. முதலாக வைக்கப்பட்டது 360 காசு. வட்டி, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. ஆக 45 காசு வரும். காசுக்கு 1200 பழம் என்ற விலையில் ஆண்டு முழுவதற்கும் கணக்கு நேராகிறது. இந்த முதலை வாங்கிக்கொண்டு பழம் தரப் பொறுப்பேற்றவர்கள் நகரின் நான்கு வணிகப் பகுதிகளைச் சேர்ந்த நகரத்தார். நித்தவினோதப் பெருந்தெரு, மும்முடிச்சோழப் பெருந்தெரு, வீரசிகாமணிப் பெருந்தெரு ஆகிய மூன்றும் அரசன் ராஜராஜனின் விருதுப் பெயர் கொண்டவை. நான்காவது, திரிபுவனமாதேவிப் பேரங்காடி. அது அரசியின் பெயர்.

பெண்களின் பெயரைத் தெருவுக்கு இடுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அதை மேற்கிலிருந்து அண்மையில் வந்த எண்ணம் என்று கருதுவோர் உண்டு. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் 30 நகரங்களில் தனிமனிதர் பெயர் தாங்கிய தெருக்களில் பத்தில் ஒன்றுகூடப் பெண்ணுக்கு உரியதல்ல என்று காட்டியது. அதன் பின்னர் இந்தப் பேச்சு இங்கும் வலுத்தது. ஆனால் தஞ்சையில் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்பெயர் கொண்ட பேரங்காடி இருந்தது. வானவன்மாதேவிப் பெருந்தெருவும் இருந்தது. எனவே இந்த மண்ணைப் பொறுத்தவரை ஆராய வேண்டியது, எந்தப் பெண்ணின் பெயர், யார் இட்டது, எதற்காக, அது எப்போது தேய்ந்தது என்பவையே.

முதலில் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டும் நகரம். காந்தர்வத் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு என்று தொழிலால் பெயர் பெற்றவை ஒரு வகை. அரசகுலப் பெயர் பெற்ற பெருந்தெருக்களும் அங்காடிகளும் இன்னொரு வகை. அரசியர் பெயர் வருவது இரண்டாம் வகையில்தான், அதாவது பணம் புழங்கும் இடங்களில். திரிபுவனமாதேவி ராஜராஜனின் தேவி, ராஜேந்திரனின் தாய். வானவன்மாதேவி என்றும் அவளுக்குப் பெயர். ராஜராஜனைப் பெற்றவளும் வானவன்மாதேவிதான். சுந்தரசோழன் இறந்தபோது கைக்குழந்தையை விட்டுக் கணவனோடு தீப்புகுந்தவள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அவளைப் பேசுகிறது. பெருந்தெரு மாமியாரின் நினைவா, மருமகளின் சிறப்பா என்பதைப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. என் கணிப்பு மருமகள் பக்கமே சாய்கிறது. பேரங்காடியும் அவள் பெயரில் இருக்கிறது. மாமியாருக்கோ அவள் மகள் குந்தவை கோயிலுக்குள்ளேயே தந்தையின் படிமத்தோடு சேர்த்துப் படிமம் எடுத்துவிட்டாள்.

குந்தவையை இங்கே விட்டுவிட முடியாது. தான் கொடுத்தவற்றையும் தன் அக்கன் கொடுத்தவற்றையும் தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும் பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு ராஜராஜன் ஆணையிட்டான். தனக்கு அடுத்த இடத்தில் அவன் வைத்தது தமக்கையை. கொடையாளர் என்ற தகுதியே அரசகுலப் பெண்ணின் பெயரை முதலில் கல்லுக்கும் பிறகு இடத்துக்கும் கொண்டு போனது. அப்பர் பாடிய ஐயாற்றில் அரசி தந்திசத்தி விடங்கியான ஒலோகமாதேவி எடுத்த தளி ஒலோகமாதேவீச்சரம் ஆயிற்று. பட்டீச்சரத்தை அடுத்து, சிற்றன்னைக்காக ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படை பஞ்சவன்மாதேவீச்சரம் ஆயிற்று. நாகப்பட்டினம் பக்கத்தில் கண்டராதித்தரின் தேவி செம்பியன்மாதேவி பெயரால் ஒரு சதுர்வேதிமங்கலமே அமைந்தது. அவளுடைய மருமகள்களான உத்தமசோழனின் தேவியர், மாமியாரின் கேட்டை நாளை முன்னிட்டு அங்கே நிவந்தம் வைத்தார்கள். செம்பியன்மாதேவி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. திருச்சிக்குக் கிழக்கே சோழமாதேவியும் அப்படித்தான்.

இத்தகைய மங்கலங்களின் நிலத்தை வதிகள் என்னும் பாதைகளும் வாய்க்கால்களும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக் கண்ணாறு, சதுரம் என்று பிரித்தன. அந்த வதிகளுக்கும் வாய்க்கால்களுக்கும்கூட அரசன், அரசி பெயர்கள் இடப்பட்டன. நஞ்சை நாட்டில் உழவனுக்கு வயலின் முகவரி வாய்க்கால்தான். எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எத்தனையாம் கண்ணாறு என்று சொன்னால்தான் காணி அடையாளப்படும். அந்த வகையில் ஓர் அரசியின் பெயர் அரண்மனையைவிட வரப்பில்தான் அதிகம் உச்சரிக்கப்பட்டிருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் மற்றொரு கல்வெட்டு, ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில் (1014) வெட்டப்பட்டது, வேறு ஒரு முறையைக் காட்டுகிறது. கோயிலில் ஆடிப் பாடும் 400 தளிச்சேரிப் பெண்டுகள் திருவையாறு, திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். கல்வெட்டு அவர்களைக் கூட்டமாகச் சொல்லி நகரவில்லை. தெற்குத் தளிச்சேரி, அதில் தென்சிறகு, அதில் இத்தனையாம் வீடு, அங்கே இன்னார் என்று வீடு வீடாகப் போகிறது. சேரமங்கை, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஆனால் அந்தத் தெருக்களுக்கு அவர்களில் ஒருத்தியின் பெயரும் இல்லை. திசையே தெருவின் பெயர். கொடுத்தவள் தெருவுக்குப் பெயரானாள். ஆடிப் பாடியவள் வீட்டு எண்ணுக்கு எதிரே பதிவானாள். இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு, சோழர் காலத்தில் பெண்ணுக்கு இருந்த மதிப்பைப் பொதுவாகப் புகழ்ந்து பேச எனக்கு நா எழவில்லை.

நாயக்கர் காலத்தைக் கடந்து மராத்தியர் காலத்துக்கு வந்தால் பெண்பெயர் சத்திரங்களில் குடியேறுகிறது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயரிலும் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரிலும் எழுந்த சத்திரங்கள் பெரியவை. ராமேசுவரம் போகும் பயணிகளுக்குச் சோறும் தங்க இடமும் தந்தவை. சத்திரத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்பே யமுனாம்பாள்புரம், முத்தாம்பாள்புரம் என்று ஆவணங்களில் ஏறியது. முத்தாம்பாள் பட்டத்து அரசி அல்லள். இரண்டாம் சரபோஜியின் துணைவி. முறைப்படி மகுடத்துக்கு உரிமையில்லாத ஒரு பெண்ணின் பெயர் ஊருக்கு ஏறியது இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். 1799 உடன்படிக்கையில் நாட்டு ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த சரபோஜி, சத்திரங்களை மட்டும் கைவிட மனமில்லாமல் 1801இல் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அங்கே நடக்கும் அன்னதானம், மருத்துவ உதவி, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னார். யானையும் குதிரையும் இழுப்பதுபோல் செதுக்கிய ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பின்னாளிலும் பள்ளிக்கூடம் நடந்தது. ஆனால் பேச்சுவழக்கில் ஒரத்தநாடும் நீடாமங்கலமும்தான் வென்றன. பேருந்தில் ஏறி முத்தாம்பாள்புரத்துக்குச் சீட்டுக் கேட்பவர் எவருமில்லை.

1866இல் தஞ்சையும் கும்பகோணமும் நகராட்சிகளாயின. தெருவுக்குப் பெயரிடும் உரிமை கொடையாளியிடமிருந்து மன்றத்துக்கு மாறியது. மன்றத்தில் இருந்தவர்கள் ஆண்கள். மானோஜியப்பா வீதி போன்ற பழைய பெயர்களோடு காந்திஜி சாலை, ஆபிரகாம் பண்டிதர் சாலை போன்ற புதியவையும் சேர்ந்தன. பண்டிதர் அந்தப் பெருமைக்கு முழுக்க உரியவர். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ தந்தவர். குறை அவருக்குச் செய்ததில் இல்லை; பெண்களுக்குச் செய்யாததில்தான். நகரின் ராணி வாய்க்கால் பகுதியில் எந்த ராணி என்று பெயர் சொல்லாமல் ஒரு ராணி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். குந்தவை நாச்சியாருக்கு மகளிர் கல்லூரி கிடைத்தது. சென்னையில் நிலை சற்று வேறு: ருக்மிணி லட்சுமிபதி சாலை, துர்காபாய் தேஷ்முக் சாலை, அம்புஜம்மாள் தெரு, அன்னி பெசன்ட் சாலை என்று பொதுவாழ்வில் உழைத்த பெண்கள் முகவரிகளில் இருக்கிறார்கள். விடுதலைப் போராட்டமும் சட்டமன்றமும் மாதர் சங்கங்களும் கூடியிருந்த நகரம் அது. பரிந்துரைக்க ஆள் இருந்தது.

படுகையில் அப்படிப்பட்ட பெண்கள் இல்லையா? மூவலூர் ராமாமிர்தம் (1883–1962) திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரில் வளர்ந்தவர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தைத் தேவதாசிக் குலத்துக்குள்ளிருந்தே எதிர்த்தவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது உடன் நடந்த பெண் அவர். பொட்டுக்கட்டை ஒழிக்க அவர் வேண்டிய சட்டம் 1947இல் வந்தது. 1989இல் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2022 முதல் அது கல்லூரி மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டமாக மாறியிருக்கிறது. தளிச்சேரிக் கல்வெட்டின் 400 பெயர்களுக்குப் பிறகு ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, அந்த வாழ்க்கைமுறையை முடித்துவைத்தவரின் பெயர் இது. மணலூர் மணியம்மாள் இன்னொருவர். விதவைக்கோலத்தை உதறிவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு வேட்டி கட்டி, கீழத்தஞ்சைப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர், 1953இல் மறைந்தார். பெங்களூரு நாகரத்தினம்மாள் வெளியூர்க்காரர்தான். ஆனால் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பொருளைச் செலவழித்து எடுத்துக்கட்டி, பெண்களும் அங்கே பாட வழிசெய்தவர்; 1952இல் இறந்து அங்கேயே அடங்கியவர். தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் மீண்டும் அச்சேற்றியவரும் அவரே.

இப்போது வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குவதற்கு 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. மக்களின் கருத்தைக் கேட்டு உள்ளாட்சி மன்றங்கள் புதுப் பெயரை முன்மொழிய வேண்டும். அந்த மன்றங்களில் இன்று பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. புதுப் பெயராக மல்லிகையையும் ரோஜாவையும் எழுதி அனுப்பிவிடுவது எளிது. எவருக்கும் மனக்குறை வராது. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை மன்றங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். திரிபுவனமாதேவி, முத்தாம்பாள், ராமாமிர்தம், மணியம்மாள், நாகரத்தினம்மாள் ஆகிய ஐந்து பெயர்களையாவது தீர்மானத்தில் ஏற்றுங்கள். பலகையில் அவர் யார், எந்த ஆண்டு, என்ன செய்தார் என்று ஒரு வரியும் எழுதுங்கள். தளிச்சேரிப் பெண்டுகளின் 400 பெயர்களும் அச்சில் இருக்கின்றன. பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றுக்கு அவற்றிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தால் அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை.